லினக்ஸ் கர்னலின் வெப்பக் கட்டுப்பாட்டுக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

டிவைஸ் ட்ரீ கோப்பில் (பலகையில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) ஒரு பலகையின் அபாய வெப்பத்தை 95000 என்று எழுத வேண்டிய இடத்தில் 95 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? பலகை பூட் ஆகும், வெப்ப டிரைவர் ஏறும், உடனே கணினி தன்னை அணைத்துக்கொள்ளும். கர்னல் அந்த எண்ணை மில்லிடிகிரி செல்சியஸாகத்தான் படிக்கிறது. அதன் கணக்கில் 95 என்பது 0.095 டிகிரி. அறை வெப்பத்தில் சும்மா கிடக்கும் சிப்பே அபாயக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. தவறு கோப்பை எழுதியவர் தலையில்தான் விழும். ஆனால் அவர் பார்த்து எழுதிய ஆவணத்தில் அலகு குறிப்பிடப்பட்டிருந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

வெப்ப ஆவணத்தில் இலக்கணப் பிழை இருந்தால் பெரிய சேதம் இல்லை. அலகு, திசை, செய்பவர் ஆகிய மூன்றில் ஒன்று தெளிவில்லாமல் போனால்தான் சேதம். கர்னலுக்கு முதல்முறை ஆவணப் பேட்ச் (திருத்தத் தொகுப்பு) அனுப்பப் போகிறவரை மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறோம். கோப்பு, கட்டளை, மாறிப் பெயர்களை ஒலி வடிவில் தந்திருக்கிறோம். கணினியில் தட்டச்சு செய்யும்போது அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

1. கையில் இருக்க வேண்டியவை

மூலநிரல், ஒரு லினக்ஸ் கணினி, ஆவணப் பக்கங்களைக் கட்டும் ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி. இவை போதும்.

மூலநிரலை உங்கள் டிஸ்ட்ரோ தரும் பொட்டலத்திலிருந்து எடுக்காதீர்கள். 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' கிட் மரத்தை எடுங்கள். வெப்பக் கட்டமைப்பு 2008-இல் வந்த 2.6.25 பதிப்பில் நுழைந்தது. வயதானது என்றாலும் உள்ளே அடிக்கடி சுவரை இடித்துக் கட்டுகிறார்கள். வெப்பம் அளக்கப்படும் ஸோனையும் (விளக்கம் 3-ஆம் பகுதியில்) குளிர்விக்கும் சாதனத்தையும் இணைக்க டிரைவர்கள் பல ஆண்டுகளாக 'பைண்ட்', 'அன்பைண்ட்' என்ற இரண்டு கால்பேக்குகளை (கர்னல் தேவைப்படும்போது கூப்பிடும் செயல்கூறுகளை) தந்துவந்தன. 2024-இல் வந்த 6.12 பதிப்பில் அவை நீங்கி, அந்த இடத்தில் 'ஷுட்_பைண்ட்' வந்தது. பழைய மூலத்தை வைத்து எழுதினால், இல்லாத கால்பேக்கை விளக்கி நாலு பக்கம் எழுதி அனுப்பிவிடுவீர்கள்.

ஸ்ஃபிங்க்ஸைப் பைத்தானின் வர்ச்சுவல் சூழலுக்குள் நிறுவுங்கள். கணினியின் பொதுப் பைத்தானுக்குள் நிறுவினால் பின்னால் தலைவலி. எந்தெந்தப் பொட்டலம் குறைகிறது என்பதை மூலநிரலுடன் வரும் 'ஸ்ஃபிங்க்ஸ்-ப்ரீ-இன்ஸ்டால்' ஸ்கிரிப்ட்டை ஓட்டினாலே சொல்லிவிடும்.

2. எழுதும் முன் கணினியிடம் கேளுங்கள்

'/சிஸ்/கிளாஸ்/தெர்மல்' அடைவுக்குள் போய்ப் பட்டியலிடுங்கள். 'தெர்மல்_ஸோன்0', 'தெர்மல்_ஸோன்1' என்று சில, 'கூலிங்_டிவைஸ்0' என்று சில தெரியும். ஒவ்வொரு ஸோனுக்குள்ளும் 'டைப்', 'டெம்ப்' ஆகிய இரண்டையும் 'கேட்' கட்டளையால் படியுங்கள். 'டெம்ப்' 47000 என்று காட்டினால் 47 டிகிரி.

இங்கேயே முதல் பாடம் இருக்கிறது. இன்டெல் மடிக்கணினியில் 'ஏசிபிஐடிஇஸட்' என்ற ஸோனும், சிப் முழுவதற்குமான 'எக்ஸ்86_பிகேஜி_டெம்ப்' ஸோனும் பெரும்பாலும் இருக்கும். எதற்கு எந்த எண் கிடைக்கும் என்பது பதிவான வரிசையைப் பொறுத்தது. டிரைவர் ஏறும் வரிசை மாறினால் எண்ணும் மாறும். ஆகவே 'ஸோன்0 என்பது சிபியு' என்று ஆவணத்தில் ஒருபோதும் எழுதாதீர்கள். 'டைப் கோப்பைப் படித்து ஸோனை அடையாளம் காணவும்' என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் தவறான சென்சாரைப் பார்த்து மின்விசிறியை ஓட்டும் ஸ்கிரிப்ட்டுகள் உலகில் ஏராளம்.

எல்லா ஸோனும் எப்போதும் எண் தராது. இன்டெல் வைஃபை அட்டை தனக்கென ஒரு ஸோனைப் பதிவு செய்யும். வைஃபை இடைமுகம் அணைந்திருக்கும்போது அதன் 'டெம்ப்' கோப்பைப் படித்தால் 'தரவு இல்லை' என்ற பிழைதான் வரும். அதைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது. சென்சார் எப்போது பதில் தராது, அப்போது எந்தப் பிழை எண் வரும் என்பதும் ஆவணத்தில் இருக்க வேண்டிய செய்தி.

அடுத்து, குளிர்விக்கும் சாதனம் ஒவ்வொன்றிலும் 'டைப்', 'மேக்ஸ்_ஸ்டேட்', 'கர்_ஸ்டேட்' ஆகிய மூன்றையும் படியுங்கள். ஒரு முனையத்தில் கர்னலையே கம்பைல் செய்ய விட்டு, இன்னொன்றில் நொடிக்கொருமுறை 'டெம்ப்', 'கர்_ஸ்டேட்' இரண்டையும் பாருங்கள். வெப்பம் ஏறியும் 'கர்_ஸ்டேட்' அசையவே இல்லையா? பல மடிக்கணினிகளில் மின்விசிறியை ஃபர்ம்வேரே பார்த்துக்கொள்கிறது. கர்னல் கையில் இருப்பது அபாய எல்லை மட்டும்தான். இதுவும் குறித்துக்கொள்ள வேண்டிய விடைதான்.

3. சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சென்சார் அளக்கிறது. ஸோன் என்பது அந்த அளவும் அதற்கான எல்லைகளும் சேர்ந்த தொகுப்பு. அந்த எல்லைகளுக்குப் பெயர் டிரிப் பாயிண்ட். வெப்பத்தைக் குறைக்க வல்லது கூலிங் டிவைஸ். எதை எவ்வளவு குறைக்கலாம் என்று முடிவெடுப்பது கவர்னர். சென்சாரும் ஸோனும் ஒன்றென்று எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஒரு சென்சார் சில்லு பல இடங்களை அளக்கலாம், ஒவ்வோர் இடமும் தனி ஸோன் ஆகலாம்.

டிரிப் பாயிண்ட்டுகளில் நான்கு வகை: ஆக்டிவ், பாஸிவ், ஹாட், கிரிட்டிகல். ஆக்டிவ், பாஸிவ் என்ற பெயர்கள் ஏசிபிஐ (ஃபர்ம்வேரும் இயங்குதளமும் பேசிக்கொள்ளும் தரநிலை) வழக்கிலிருந்து வந்தவை, முதலில் குழப்பும். அடுப்பில் கொதிப்பு மிஞ்சும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது ஆக்டிவ்: கூடுதலாக மின்சாரம் செலவழித்து வெப்பத்தை வெளியேற்றுகிறோம். தீயைக் குறைப்பது பாஸிவ்: வேலை மெதுவாகும், வெப்பம் உற்பத்தியாவதே குறையும். குக்கரின் சேஃப்டி வால்வ் பிய்த்துக்கொண்டு போவது கிரிட்டிகல். அதன் பிறகு சமையல் இல்லை. ஹாட் வகைக்கு வீட்டு உவமை கிடையாது. அது டிரைவருக்கும் பயனர் பகுதிக்கும் ஓர் எச்சரிக்கை. அதற்கு என்ன செய்வது என்பது டிரைவரின் பொறுப்பு. (உவமை இந்தக் கட்டுரையோடு நிற்கட்டும். கர்னல் ஆவணத்துக்குள் குக்கர் வேண்டாம்.)

4. அலகு: ஒவ்வோர் எண்ணுக்கும், ஒவ்வொரு முறையும்

கர்னலுக்குள் மிதவைப் புள்ளிக் கணக்கை வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை. அதனால்தான் மில்லிடிகிரியில் முழு எண். ஆனால் வெப்பத் துறையின் எல்லா எண்ணும் மில்லிடிகிரி அல்ல. ஏசிபிஐ ஃபர்ம்வேர் கெல்வினில் பத்தில் ஒரு பங்கை அலகாகப் பேசும். 45 டிகிரி செல்சியஸ் அங்கே 3182 ஆக வரும், கர்னல் அதை 45000 ஆக மாற்றிக் காட்டும். வெப்பத்தை எவ்வளவு இடைவெளியில் பார்ப்பது என்று சொல்லும் 'போலிங்-டிலே' டிவைஸ் ட்ரீயில் மில்லிநொடியில் இருக்கும். அதே வெப்பப் பகுதியில், சிபியுவை வலிந்து ஓய்வெடுக்க வைக்கும் 'தெர்மல்-ஐடில்' கணுவின் கால அளவு மைக்ரோநொடியில். பவர் அலொகேட்டர் கவர்னரின் 'சஸ்டெய்னபிள்_பவர்' (தொடர்ந்து தாங்கக்கூடிய மின்திறன்) மில்லிவாட்டில்.

பக்கத்தின் தலையில் 'எல்லா வெப்பமும் மில்லிடிகிரியில்' என்று ஒருமுறை எழுதிவிட்டுப் போனால் போதாது. ஆவணத்தை யாரும் மேலிருந்து கீழாகப் படிப்பதில்லை. தேடுபொறி கொண்டுவந்து இறக்கிய பத்தியை மட்டும் படிப்பார்கள். ஒவ்வொரு புலத்துக்குப் பக்கத்திலும் அலகு இருக்கட்டும்.

ஒரு சிறப்பு எண்ணும் உண்டு: -274000. வெப்பம் இன்னும் படிக்கப்படவில்லை அல்லது செல்லாது என்று குறிக்கக் கர்னல் இதை வைத்திருக்கிறது. தனிச் சுழி வெப்பம் -273.15 டிகிரி, அதற்கும் கீழே எந்தப் பொருளும் போக முடியாது, ஆகவே உண்மையான அளவோடு இது மோதாது. டிரைவர் எழுதுபவருக்கான ஆவணத்தில் இந்த எண்ணைச் சொன்னால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் யாராவது அதைப் பிழை என்று நினைத்து 'திருத்தி' அனுப்புவார்கள்.

5. திசை: கூடினால் குளிரா, சூடா?

கூலிங் டிவைஸின் நிலை 0 என்றால் எந்தக் குளிர்விப்பும் இல்லை. எண் கூடக் கூடக் குளிர்விப்பு கூடும். மின்விசிறிக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. சிபியு அதிர்வெண்ணில்தான் தலைகீழாகத் தோன்றும்: நிலை 0 என்பது உச்ச வேகம், கடைசி நிலை மிகக் குறைந்த வேகம். அதிர்வெண் அட்டவணையில் 8 படிகள் இருந்தால் 'மேக்ஸ்_ஸ்டேட்' 7. 'நிலை கூடினால் வேகம் கூடும்' என்று யாரோ ஊகித்துக்கொள்ளும் முன் நீங்களே எழுதிவிடுங்கள்.

ஹிஸ்டரிசிஸ், அதாவது தொடங்கும் வெப்பத்துக்கும் நிற்கும் வெப்பத்துக்கும் உள்ள இடைவெளி, எப்போதும் எல்லையிலிருந்து கீழ்நோக்கிக் கழிக்கப்படும். எல்லை 70000, ஹிஸ்டரிசிஸ் 2000 என்றால் ஏறும்போது 70-ஐ எட்டும் இடத்தில் தாண்டியதாகக் கணக்கு, இறங்கும்போது 68-க்குக் கீழே வந்தால்தான் விடுதலை. பேங் பேங் கவர்னருக்கு இது உயிர்நாடி. மின்விசிறியை முழுதாகப் போடுவது, முழுதாக அணைப்பது என்ற இரண்டே வேலைதான் அதற்கு. ஹிஸ்டரிசிஸ் 0 என்று வைத்தால் எல்லைக் கோட்டின் மேலேயே விசிறி நொடிக்கொருமுறை போட்டுப் போட்டு அணையும். எண்ணை மட்டும் எழுதாமல் எங்கே தொடங்கும், எங்கே நிற்கும் என்ற இரண்டு வெப்பத்தையும் எழுதுங்கள்.

6. செய்பவர் யார்?

'வெப்பம் எல்லையைத் தாண்டினால் வேகம் குறைக்கப்படும்.' இந்த வாக்கியம் எழுதுபவருக்குச் சுகம், படிப்பவருக்குத் தொல்லை. யார் குறைப்பது? சிலிக்கானுக்குள் இருக்கும் வன்பொருளா, ஃபர்ம்வேரா, கர்னலின் கவர்னரா, பயனர் பகுதியில் ஓடும் டீமனா? நான்கு பேரும் வேகத்தைக் குறைக்க முடியும், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரும் குறைக்க முடியும். எழுவாய் ஒளிந்துகொள்ளும் செயப்பாட்டு வினையை வெப்ப ஆவணத்தில் கண்டால் சந்தேகப்படுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது அது இன்னும் எளிதாக நுழைந்துவிடும். தெளிவில்லை என்று பட்டால் அந்த வாக்கியத்தை ஒருமுறை தமிழில் செய்வினையாகச் சொல்லிப் பாருங்கள். எழுவாய் தோன்றவில்லை என்றால் உங்களுக்கே இன்னும் புரியவில்லை என்று பொருள். நிரலுக்குத் திரும்புங்கள்.

இன்னொரு துல்லியமும் தேவை. சிபியுஃப்ரெக் (சிபியு அதிர்வெண்ணை மேலாளும் கர்னல் பகுதி) வழியான குளிர்விப்பு அதிர்வெண்ணை நேரடியாக வைப்பதில்லை, உச்சவரம்பை மட்டும் இறக்குகிறது. சிபியு ஏற்கெனவே வரம்புக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தால் நிலை 1, 2 என்று ஏறினாலும் எதுவும் மாறாது. 'அதிர்வெண்ணைக் குறைக்கும்' என்பதற்கும் 'உச்ச அதிர்வெண்ணுக்கு வரம்பிடும்' என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் பாதிக் கேள்விகள் பிறக்கின்றன.

7. ஒரு ஸோனை ஆவணமாக்கிப் பார்ப்போம்: ராக்சிப் ஆர்கே3399

ஆர்கே3399 சிப்பில் இரண்டு கார்டெக்ஸ்-ஏ72 பெரிய கோர்கள், நான்கு கார்டெக்ஸ்-ஏ53 சிறிய கோர்கள். கர்னல் மரத்தில் உள்ள அதன் டிவைஸ் ட்ரீயில் சிபியு ஸோன் இப்படி இருக்கிறது: 'போலிங்-டிலே-பாஸிவ்' 100, 'போலிங்-டிலே' 1000. டிரிப் பாயிண்ட்டுகள் மூன்று. முதல் பாஸிவ் எல்லை 70000, இரண்டாவது 75000, கிரிட்டிகல் 95000. மூன்றுக்கும் ஹிஸ்டரிசிஸ் 2000. முதல் எல்லை பெரிய கோர்களோடு மட்டும் இணைக்கப்பட்டிருக்கிறது, இரண்டாவது எல்லை ஆறு கோர்களோடும்.

புதியவர் இதை அப்படியே அட்டவணையாகப் பெயர்த்து வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்பார். அட்டவணை டிவைஸ் ட்ரீயிலேயே இருக்கிறது. படிப்பவருக்கு வேண்டியது நடப்பின் வரிசை. ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

'70 டிகிரிக்குக் கீழே கர்னல் 1000 மில்லிநொடிக்கு ஒருமுறை வெப்பத்தைப் பார்க்கிறது. 70-ஐ எட்டியதும் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை பார்க்கத் தொடங்குகிறது. ஸ்டெப் வைஸ் கவர்னர் பெரிய கோர்களின் உச்சவரம்பை, வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும்வரை, பார்வைக்கு ஒரு படியாக இறக்குகிறது. 75-ஐ எட்டினால் சிறிய கோர்களும் சேர்கின்றன. 95-இல் கர்னல் ஒழுங்கான அணைப்பைத் தொடங்குகிறது.'

இப்படி எழுதினால்தான் தாமத எண்ணின் பொருள் புரியும். நிலை 0-இலிருந்து 7-க்குப் போக, 100 மில்லிநொடிப் பார்வையில் ஏறக்குறைய 0.7 நொடி ஆகும். 'போலிங்-டிலே-பாஸிவ்' 1000 என்று வைத்திருந்தால் 7 நொடி. அதற்குள் சின்னச் சிப் ஒன்று வெகுதூரம் சூடேறிவிடும். பெரிய கோர்களை இரண்டு எல்லைகளும் கட்டுப்படுத்துகின்றனவே, எது வெல்லும் என்று கேட்பார்கள். ஒரே சாதனத்துக்கு வெவ்வேறு எல்லைகள் வெவ்வேறு நிலை கேட்டால், அவற்றுள் உயர்ந்த நிலைக்கே, அதாவது அதிகக் குளிர்விப்புக்கே, கர்னல் இணங்கும். இதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அதே டிவைஸ் ட்ரீயில் இன்னோர் எண்ணும் ஒளிந்திருக்கிறது. வெப்பத்தை அளக்கும் 'டிஎஸ்-ஏடிசி' கணுவில் வன்பொருள் அணைப்புக்கான எல்லை, அதுவும் 95000. கர்னலின் கிரிட்டிகல் எல்லையும் வன்பொருளின் எல்லையும் ஒரே இடத்தில். கர்னல் ஒழுங்காகக் கோப்புகளை மூடி அணைக்கத் தொடங்கும் முன்பே, அதை எதிர்பார்க்காமல் வன்பொருள் ரீசெட் செய்துவிட வாய்ப்புண்டு. பலகை தயாரிப்பவர் தம் கோப்பில் இவற்றை மாற்றி வைக்கலாம். ஆவணம் எழுதுபவரின் கடமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது. 'கணினி பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதாமல் ரீபூட் ஆகிறது' என்று புலம்பி வருபவருக்கு விடை இங்கேதான் இருக்கும்.

8. கவர்னர்கள்: எதற்கு எவ்வளவு இடம்

ஸ்டெப் வைஸ்தான் பெரும்பாலும் இயல்புநிலை, ஆகவே அதற்கு அதிக இடம் கொடுங்கள். அது வெப்பத்தை மட்டும் பார்ப்பதில்லை, போக்கையும் பார்க்கிறது. எல்லைக்கு மேலே இருந்து ஏறிக்கொண்டும் இருந்தால் ஒரு படி கூட்டும். எல்லைக்குக் கீழே வந்து இறங்கிக்கொண்டும் இருந்தால் ஒரு படி குறைக்கும். ஃபேர் ஷேர், சாதனங்களுக்கு டிவைஸ் ட்ரீ தரும் பங்கின்படி சுமையைப் பிரிக்கும். இரண்டு வரி போதும். யூசர் ஸ்பேஸ் கவர்னர் கைவிடப்பட்டு வரும் ஒன்று. புதிதாக யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள். அந்த வேலைக்கு இன்று நெட்லிங்க் (கர்னல் பயனர் பகுதிக்குச் செய்தி அனுப்பும் தடம்) வழி அறிவிப்புகள் இருக்கின்றன.

பவர் அலொகேட்டர் தனி ரகம். 2015-இல் 4.2 பதிப்பில் வந்தது. நிலைகளை விட்டுவிட்டு மில்லிவாட்டில் யோசிக்கும், உள்ளே ஒரு பிஐடி கட்டுப்பாடு (இலக்குக்கும் உண்மை அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் திருத்துவது) ஓடும். இதற்கு இரண்டு பாஸிவ் எல்லைகள் வேண்டும்: முதலாவது எங்கே விழித்துக்கொள்வது என்று, இரண்டாவது எந்த வெப்பத்தில் நிலைநிறுத்துவது என்று. ஒரே எல்லையை வைத்துவிட்டு 'சரியாக ஓடவில்லை' என்பவர்கள் நிறைய. 'சஸ்டெய்னபிள்_பவர்' எவ்வளவு என்பதற்குக் கர்னல் ஆவணமே 4 அங்குலத் தொலைபேசிக்கு 2000 மில்லிவாட், 10 அங்குல டேப்லட்டுக்குச் சுமார் 4500 என்று ஒரு மதிப்பீடு தருகிறது. அவற்றை அப்படியே பிரதி எடுத்து உங்கள் பலகையின் எண்ணாக எழுதாதீர்கள். அளந்து எழுதுங்கள், இல்லையேல் 'மதிப்பீடு' என்று சொல்லி எழுதுங்கள்.

9. எது எந்தக் கோப்பில்?

பயனர் படிக்கும், எழுதும் சிஸ்எஃப்எஸ் கோப்புகளுக்கு ('/சிஸ்' அடைவில் உள்ளவை) ஆவண அடைவின் 'ஏபிஐ/டெஸ்டிங்' பகுதியில் 'சிஸ்எஃப்எஸ்-கிளாஸ்-தெர்மல்'. டிரைவர் எழுதுபவருக்கானது 'டிரைவர்-ஏபிஐ/தெர்மல்'. இன்டெல் பவர்கிளாம்ப் போல நிர்வாகிக்கு வேண்டியது 'அட்மின்-கைட்' அடைவு. டிவைஸ் ட்ரீ பண்புகளுக்கு 'டிவைஸ்ட்ரீ/பைண்டிங்ஸ்/தெர்மல்' உள்ளே யாம்ல் கோப்பு. தனித்தனிச் செயல்கூறுகளின் விளக்கம் சி கோப்பிலேயே, செயல்கூறுக்கு மேலே கர்னல்-டாக் குறிப்பாக. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதினால் ஓராண்டுக்குள் இரண்டும் இரண்டு கதை சொல்லும். ஓரிடத்தில் எழுதி, மற்ற இடத்திலிருந்து சுட்டுங்கள்.

10. ஆர்எஸ்டி, கர்னல்-டாக்: இடறும் இடங்கள்

புதிய ஆர்எஸ்டி கோப்பை (ஸ்ஃபிங்க்ஸ் படிக்கும் எளிய உரை வடிவம்) உருவாக்கினால் அந்த அடைவின் 'இண்டெக்ஸ்' கோப்பில் உள்ள டாக்ட்ரீ என்ற உள்ளடக்கப் பட்டியலில் பெயரைச் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் பக்கம் உருவாகும், ஆனால் எங்கிருந்தும் அதற்கு வழி இருக்காது. செயல்கூறின் பெயரைப் பின்னால் வெற்று அடைப்புக்குறி () போட்டு எழுதினாலே ஸ்ஃபிங்க்ஸ் தானாக இணைப்புக் கொடுக்கும், தனிக் குறியீடு தேவையில்லை. அட்டவணையின் நெடுவரிசைக் கோடு ஓர் எழுத்து தள்ளினாலும் பிழை வரும். முடிந்தவரை எளிய பட்டியல்களே நல்லது.

கர்னல்-டாக் குறிப்பு /** என்று தொடங்கும். முதல் வரியில் செயல்கூறின் பெயர், ஒரு சிறு கோடு, சுருக்க விளக்கம். பிறகு ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் @ குறியோடு ஒரு வரி. பின்னர் நீண்ட விளக்கம், கடைசியில் 'ரிட்டர்ன்:' பகுதி. திருப்பித் தரும் மதிப்புகளை வரிக்கு ஒன்றாக அடுக்கினால் வெளியீட்டில் எல்லாம் ஒரே பத்தியாகக் குழைந்துவிடும். ஒவ்வொன்றின் முன்னும் * இட்டுப் பட்டியலாக்குங்கள். சாதாரணக் குறிப்புக்கு இரண்டு நட்சத்திரம் போட்டால் கருவி அதையும் ஆவணம் என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கும்.

11. சோதனை

முழு ஆவணத்தையும் கட்ட நேரம் பிடிக்கும். 'மேக்' கட்டளையில் 'ஸ்ஃபிங்க்ஸ்டிர்ஸ்' மாறிக்கு 'டிரைவர்-ஏபிஐ/தெர்மல்' என்று கொடுத்து 'எச்டிஎம்எல்டாக்ஸ்' ஓட்டினால் அந்த அடைவு மட்டும் உருவாகும். உங்கள் மாற்றத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை ஓட்டி எச்சரிக்கைகளை ஒப்பிடுங்கள். புதிதாக ஒன்றுகூட வரக் கூடாது. சி கோப்பைத் தொட்டிருந்தால் 'கர்னல்-டாக்' ஸ்கிரிப்ட்டை '-நன்' தேர்வோடு ஓட்டுங்கள். யாம்ல் என்றால் 'டிடி_பைண்டிங்_செக்'.

இவையெல்லாம் வடிவச் சோதனை. உள்ளடக்கச் சோதனைக்கு வெப்பப் போலி வசதி இருக்கிறது. அந்தத் தேர்வை இயக்கிக் கர்னலைக் கட்டினால் ஸோனுக்குள் 'எமுல்_டெம்ப்' என்ற கோப்பு தோன்றும். அதில் 71000 என்று எழுதினால் சென்சார் 71 டிகிரி சொன்னதாகக் கர்னல் நடந்துகொள்ளும். 0 எழுதினால் போலி நீங்கும்.

இங்கே எல்லாரும் ஒருமுறை ஏமாறுவார்கள். 71000 எழுதிவிட்டுக் காத்திருந்தால் 'கர்_ஸ்டேட்' ஒரு படி ஏறி அங்கேயே நின்றுவிடும். ஸ்டெப் வைஸ் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். வெப்பம் மாறாததால் போக்கு 'நிலையானது' என்றாகிவிட்டது, ஏற வேண்டிய காரணமில்லை. 71000, 72000, 73000 என்று படிப்படியாக எழுதினால் நிலையும் படிப்படியாக ஏறும். கிரிட்டிகல் எல்லையைத் தாண்டிய எண்ணை எழுதினால் கணினி உண்மையாகவே அணையும், ஆகவே மற்ற வேலைகளைச் சேமித்துவிட்டு விளையாடுங்கள். குறைந்த எண்ணை எழுதியபடி இருந்தால் கட்டுப்பாடே உறங்கிவிடும் என்பதால், இந்த வசதியை வாடிக்கையாளர் கைக்குப் போகும் கர்னலில் இயக்கக் கூடாது. உண்மை வெப்பம் கிரிட்டிகலைத் தாண்டினால் மட்டும் கர்னல் போலியை ஒதுக்கிவிட்டு உண்மையைப் பார்க்கும்.

12. அனுப்புதல்

முதல் பேட்ச்சுக்குப் புதிய பக்கம் எழுத வேண்டாம். 'டிரைவர்-ஏபிஐ/தெர்மல்' அடைவில் உள்ள 'சிஸ்எஃப்எஸ்-ஏபிஐ' கோப்பை ஒரு பக்கமும், 'தெர்மல்' தலைப்புக் கோப்பை மறுபக்கமும் திறந்துவைத்து ஒப்பிடுங்கள். ஆவணத்தில் இருக்கிற, ஆனால் நிரலில் இல்லாத உள்ளீடு, நிரலில் இருக்கிற, ஆனால் ஆவணத்தில் இல்லாத புலம் என்று தேடுங்கள். ஒரு மாலைக்குள் ஏதாவது அகப்படும் வாய்ப்பு அதிகம். பழையதைத் திருத்துவது ஒரு பேட்ச், புதியதைச் சேர்ப்பது இன்னொன்று. கலக்காதீர்கள்.

தலைப்பின் முன்னொட்டை ஊகிக்காமல், அந்தக் கோப்பின் 'கிட் லாக்' பார்த்து முன்னவர்கள் எப்படி எழுதினார்களோ அப்படியே எழுதுங்கள். விளக்கப் பகுதியை வரிக்கு 75 எழுத்துக்குள் மடியுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பது பேட்ச்சிலேயே தெரியும், ஏன் என்பதை எழுதுங்கள். நிரலில் அந்த மாற்றம் வந்த கமிட்டைக் குறிப்பிட்டால் பரிசீலிப்பவர் வேலை பாதியாகும். 'சைன்ட்-ஆஃப்-பை' வரி இல்லாமல் எதுவும் ஏற்கப்படாது. 'செக்பேட்ச்' ஓட்டிவிட்டு, 'கெட்_மெயின்டெய்னர்' காட்டும் முகவரிகளுக்கெல்லாம் 'கிட் சென்ட்-இமெயில்' வழியாக வெற்று உரையாக அனுப்புங்கள். வெப்பப் பகுதிக்கு லினக்ஸ்-பிஎம் பட்டியலும், ஆவணத்துக்கு லினக்ஸ்-டாக் பட்டியலும் அதில் வரும்.

பதில் வர ஒரு வாரமாவது பொறுங்கள். புதிய பதிப்பின் இணைப்புக்கால இரண்டு வாரம் நடந்துகொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம். 'இதை எந்தக் கர்னலில், எந்தப் பலகையில் பார்த்தீர்கள்?' என்ற கேள்வி வரக்கூடும். இரண்டாம் படியில் குறித்துவைத்த எண்கள் அப்போது கைகொடுக்கும். திருத்தி இரண்டாம் முறை அனுப்பும்போது தலைப்பில் 'வி2' சேர்த்து, மாற்றங்களை --- கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். கோட்டுக்கு மேலே எழுதினால் அது கர்னல் வரலாற்றில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.